நிற்க வேண்டிய வண்டி

ஏழு மாதத்தில் ஐந்து நாள் நடுரோட்டில் நின்றுவிட்டது மஹபூப் பாஷாவின் புது வண்டி. ஆறு சக்கரம், நான்கு டன் தாங்கும் டீசல் வண்டி. முகப்பின் வெள்ளைப் பூச்சு இன்னும் கண்ணைக் கூசவைத்தது. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, ஐம்பது வயதில் சொந்தமாக எடுத்தது. பச்சைத் தோலோ, உப்புத் தோலோ, பதனிட்ட தோலோ, ஷூ அட்டைப்பெட்டியோ, எதைக் கேட்டாலும் ஏற்றிக்கொண்டு போவார். பேரணாம்பட்டுக்கும் மேல்விஷாரத்துக்கும் ராணிப்பேட்டைக்கும் அவர் போகாத நாள் கிடையாது.

வண்டி நிற்கும் விதம்தான் விசித்திரம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காது. இரண்டு முறை இருமும். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் எஞ்சின் அணைந்துபோகும். ஓரமாக நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து பார்த்து, யாருக்காவது போன் பண்ணிப் புலம்பி, பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

சித்திரை வெயிலில் ஒருமுறை உப்புப் போடாத பச்சைத் தோலோடு பேரணாம்பட்டு ரோட்டில் நின்றது. அன்று மூன்று தடவை நின்றது. போய்ச் சேர்ந்தபோது தோல் சூடேறி மயிர் கழல ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் மஹபூப் பாஷா யாரிடமும் வாங்காத பேச்சை அன்று வாங்கினார். அதற்கப்புறம் அந்தத் தொழிற்சாலை பச்சைத் தோலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. லாரி ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர் வாஹித் பாஷா வேறு, பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னா தோஸ்த், உன் வண்டிக்குத் தொழுகை நேரம் தெரிஞ்சிருக்கு. பாங்கு சொன்னா நின்னுடுது போல."

எல்லாரும் சிரிப்பார்கள். மஹபூப் பாஷாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

வண்டிக்கு மூன்று வருஷ வாரன்ட்டி இருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் வாலாஜாபேட்டையில் இருந்த கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். டீசல் அழுத்தம் ஒருமுறை குறைந்ததாக அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஃபில்டரை மாற்றினார்கள். சென்சாரை மாற்றினார்கள். ஹைவேயில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை மாதிரி ஓடியது. நாலாவது முறை, டீசல் சரியில்லை என்றார்கள். மஹபூப் பாஷா டாங்கியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்து, சோதனைக்கு அனுப்பச் சொன்னார். டீசல் சுத்தம் என்று பதில் வந்தது.

ஐந்தாவது முறை, சர்வீஸ் மேனேஜர் கோதண்டராமன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தாதவர், வந்தவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுப்பவர். ஆனால் அவருக்கு மேலே சென்னையில் ஒரு ஆபீஸ் இருந்தது.

"பாய், சேஸிஸ் பூரா வெள்ளையா பூத்திருக்கு. உப்புத் தோல் ஏத்துறீங்க. உப்புத் தண்ணி ஒயர்ல இறங்கியிருக்கும். இதெல்லாம் வாரன்ட்டில வராது."

மஹபூப் பாஷா அவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆம்பூர்ல வண்டி வித்தீங்களே சார், நான் அதுல மல்லிப்பூ ஏத்துவேன்னு நெனச்சா வித்தீங்க?"

ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து வாரன்ட்டி காகிதம் எழுதிக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பிறகு எழுந்து வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதில் பிரிசில்லா என்று பெயர்.

"சார், நான் காலையிலயே அடியில பாத்தேன். ஒயர் ஜாயின்ட் எல்லாம் கழட்டிப் பாத்தேன். உப்பு வெளியதான் இருக்கு. உள்ள சுத்தமா இருக்கு."

கோதண்டராமனின் முகம் சுருங்கியது. "அப்ப என்னன்னு எழுதறது?"

"தெரியலன்னுதான் சார் எழுதணும். இங்க நின்னாதானே நமக்குத் தெரியும். நிக்கறது அங்க. நான் மூணு நாள் இவரு கூடவே வண்டில போறேன். கம்ப்யூட்டரை மாட்டிக்கிட்டே போறேன்."

டிப்ளமோ படித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் அவளை நாற்காலியை விட்டு யாரும் வெளியே அனுப்பியதில்லை என்பது மஹபூப் பாஷாவுக்கு அப்போது தெரியாது. சின்னப் பெண் என்னத்தைக் கண்டுபிடிக்கும் என்றுதான் நினைத்தார். ஆனால் ஏழு மாதத்தில் 'தெரியல' என்ற உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அதனால் ஒப்புக்கொண்டார்.

"மூணு நாள்தான்" என்றார் கோதண்டராமன். "அதுக்குள்ள வண்டி நிக்கலன்னா உப்புன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சைரா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவர்கள் வீட்டில் பேசுவது உருது. அந்த உருதுவில் அவள் கேட்டது இதுதான்:

"வயசுப் பொண்ணு, மூணு நாளும் உங்க கூட வண்டிலயா?"

"கம்பெனி ஆளு. அவங்க வேலை அது."

"நான் உங்களைச் சொல்லல. ஊர் வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத்தானே கெட்ட பேரு." அவள் குழம்பை ஊற்றினாள். "நானும் வர்றேன்."

மகள் ஹீனாவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். பகலெல்லாம் வீட்டில் சைரா ஒருத்திதான். இருந்தும் அவள் இப்படிச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் வேலைக்குப் போகும் வண்டியில் அவள் ஒருநாளும் ஏறியது கிடையாது.

"நாத்தம் அடிக்கும்" என்றார்.

"இத்தனை வருஷமா உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு?"

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள் பிரிசில்லா. காலில் கனமான பூட்ஸ், முதுகில் லேப்டாப் பை. சைரா புர்கா போட்டு, மூன்று பேருக்கான சாப்பாட்டுக் கேரியரோடு தயாராக நின்றாள். மஹபூப் பாஷா விடியற்காலையிலேயே எழுந்து வண்டியைக் கழுவி, சீட்டைத் துடைத்து, ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார். முந்தைய நாளே பங்க்குக்குப் போய் டாங்கியை நிரப்பியிருந்தார்.

கேபினில் மூன்று பேருக்கு இடம் சரியாக இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரை மாட்டி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள் பிரிசில்லா. சைரா ஜன்னலோரம்.

"பாய், நீங்க எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. நான் இருக்கறதையே மறந்துடுங்க."

"சரிங்க மேடம்."

"மேடம் வேணாம் பாய்."

"சரிங்க மேடம்."

பேரணாம்பட்டுக்கு உப்புத் தோல். வண்டி அப்படி ஓடியது. மேட்டில் மூச்சு வாங்கவில்லை, பள்ளத்தில் உறுமவில்லை. திரும்பும்போது பதனிட்ட தோல் ஏற்றினார்கள். ஈரமாக, வெளிர் நீலத்தில், மடித்து அடுக்கிய போர்வை மாதிரி இருந்தது. அதை ஆம்பூரில் இறக்கிவிட்டு, மதியம் ராணிப்பேட்டைக்கு இன்னொரு லோடு. வண்டி இன்னும் நன்றாக ஓடியது. மஹபூப் பாஷாவுக்கு வியர்த்தது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஓரக்கண்ணால் லேப்டாப்பைப் பார்த்தார். பச்சைக் கோடுகள் ஆடாமல் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"எல்லாம் கரெக்டா இருக்கு பாய்" என்றாள் பிரிசில்லா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பள்ளிகொண்டாவுக்கு அருகே ரோட்டோரப் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகைக்கு நிறுத்தினார். தொழுது முடித்து இரண்டு கையையும் ஏந்தியபோது அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. என்ன கேட்பது? என் வண்டி நின்றுபோகட்டும் என்று யாராவது துஆ கேட்பார்களா? இத்தனை நாள் நிற்காமல் ஓடட்டும் என்று கேட்ட அதே வாயால் இதை எப்படிக் கேட்பது? கடைசியில், 'உண்மை எதுவோ அது இந்தப் பெண்ணின் கண்ணில் படட்டும்' என்று கேட்டுவிட்டு, கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தார்.

வண்டிக்கு வந்தால், மரத்தடியில் சைராவும் பிரிசில்லாவும் கேரியரைப் பிரித்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரிசில்லாவின் அப்பா ஜான்சன் வேலூரில் எலக்ட்ரீசியன். சின்ன வயதில் வீட்டு மிக்ஸியைக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் அவள் அடிவாங்கிய கதை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பறம் மாட்டுனியா?" என்றாள் சைரா.

"மாட்டுனேன் ஆன்ட்டி. ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப்போச்சு. இன்னும் அந்த மிக்ஸி ஓடுது."

ராணிப்பேட்டையில் ஒரு சின்னக் கலாட்டா நடந்தது. லோடு இறக்க வேண்டிய தொழிற்சாலையில் வழக்கம்போல வெயிலில் காக்க வைத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மஹபூப் பாஷா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பொறுமையாக நின்றார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நின்றார். சைரா வண்டியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இறங்கினாள். நேராக ஃபேனுக்குக் கீழே போன் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க்கிடம் போனாள்.

"தம்பி, எத்தனை மணிக்கு வரச் சொன்னீங்க?"

"ரெண்டுக்கும்மா."

"நாங்க ஒன்னே முக்காலுக்கு வந்தோம். இப்ப மணி இன்னா?"

கிளார்க் எழுந்து நின்றான். பத்து நிமிஷத்தில் ஆட்கள் வந்து இறக்க ஆரம்பித்தார்கள். வண்டிக்குத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தாள் சைரா.

"தினமும் இப்படித்தான் நிக்கிறீங்களா?" என்று உருதுவில் மெதுவாகக் கேட்டாள்.

"ஜாஸ்தி இல்ல" என்றார் அவர்.

திரும்பி வரும்போது சைரா, தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல அவரை அடிக்கடி பார்த்தாள். வண்டி ஓட்டும்போது அவர் மெல்லிய குரலில் பாடுவார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டில் வாய் திறந்து ஒரு வரி பாடியதில்லை. எதிரே வந்த மாட்டுக்காரருக்கு வேகத்தைக் குறைத்து வழிவிட்டதையும், கட்டிய கயிற்றை லோடுமேன்கள் போன பிறகு தன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்ததையும் அவள் கவனித்தாள்.

இரண்டாம் நாளும் வண்டி நிற்கவில்லை. காலையில் ஒரு மழை பிடித்தது. மழையில் நிற்குமோ என்று மூன்று பேரும் ஆவலாக இருந்தார்கள். நிற்கவில்லை. மேல்விஷாரம் போய் வந்தார்கள், குடியாத்தம் போய் வந்தார்கள். சாயங்காலம் பிரிசில்லா ஒரு நோட்டை எடுத்து, முன்பு நின்ற ஐந்து நாளைப் பற்றியும் கேட்டு எழுதினாள். எந்த ரோடு, என்ன லோடு, எவ்வளவு வெயில், எத்தனை மணி. ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

"டீசல் எவ்வளவு இருந்துச்சு பாய்?"

மஹபூப் பாஷாவின் முகம் வாடியது. "டீசல் இல்லாம வண்டி நிக்க வைக்கிற டிரைவர் இல்ல மேடம் நானு. இருந்துச்சு."

அவள் உடனே நோட்டை மூடினாள். "தப்பா கேக்கல பாய். மன்னிச்சுக்குங்க."

அன்று கோதண்டராமன் போன் பண்ணினார். நாளை ஒருநாள்தான் என்று ஞாபகப்படுத்தினார். பஸ் ஏறும்போது பிரிசில்லாவின் முகத்தில் களைப்பு தெரிந்தது. திரும்பி நடக்கும்போது சைரா சொன்னாள்: "பாவம் அந்தப் பொண்ணு. வண்டி நல்லா ஓடுதேன்னு நமக்கு ஒரு பேஜாரு, அதுக்கு ஒரு பேஜாரு."

மூன்றாம் நாள் காலை, முதல் லோடை ஏற்றுவதற்கு முன்பு மஹபூப் பாஷா வண்டியைப் பங்க்குப் பக்கம் திருப்பினார். முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"ஃபுல் டாங்க் போட்டுடறேன். இன்னிக்கும் ராணிப்பேட்டை போவணும்."

பிரிசில்லா லேப்டாப்பைத் திறந்துகொண்டே சும்மா கேட்டாள். "எப்பவும் ஃபுல்லாதான் போடுவீங்களா பாய்?"

"இல்ல இல்ல. எப்பவும் அன்னன்னிக்குத் தேவையானதுதான். பத்து லிட்டர், பதினஞ்சு லிட்டர். கம்பெனில இருந்தப்ப ராத்திரி யார்டுல நிக்கிற வண்டில டீசல் உறிஞ்சிடுவானுங்க. அதனால டாங்கில ஜாஸ்தி வெக்க மாட்டோம். அந்தப் பழக்கம்."

"அப்ப இப்ப ஏன் ஃபுல்லா போட்டீங்க?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க வர்றீங்கன்னு. விருந்தாளியைக் கூட்டிட்டு போறோம், வழியில பங்க்ல போய் நிக்கறது நல்லா இருக்காது."

பிரிசில்லாவின் கை லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது.

"பாய், ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது?"

"அதுக்கும் ஃபுல்லு போடுவேன். வாலாஜா தூரம். நீங்க ஓட்டிப் பாப்பீங்க. உங்க ஆளுங்க டீசல் இல்லன்னு ஒரு பேச்சு சொல்லிடக் கூடாது இல்ல?"

பின்னால் நின்ற பைக்காரர் ஹாரன் அடித்தார்.

"வண்டியைத் திருப்புங்க பாய்" என்றாள் பிரிசில்லா. "டீசல் போடாதீங்க. எப்பவும் ஓட்டற மாதிரி இன்னிக்கு ஓட்டுங்க."

சைராவுக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது என்பது மட்டும் புரிந்தது. "நம்ம மரியாதைதான் காரியத்தைக் கெடுத்துச்சா?" என்றாள்.

அன்று மூன்று பேரும் ரோட்டைப் பார்க்கவில்லை. டீசல் முள்ளைத்தான் பார்த்தார்கள். பேரணாம்பட்டு போனார்கள், வந்தார்கள். ராணிப்பேட்டையில் வழக்கம்போலப் பத்து லிட்டர் போட்டார்கள். அங்கே ஒரு ஷூ கம்பெனிக்கு வேண்டிய அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வேலூர் தாண்டியது. பள்ளிகொண்டா தாண்டியது. முள் கால்வாசிக்குக் கீழே இறங்கியது. மணி நாலு. மஹபூப் பாஷாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. மாதனூரில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி குண்டும் குழியுமான பக்கத்து ரோட்டில் இறங்கி, குலுங்கிக் குலுங்கிப் போய், மறுபடியும் ஹைவேயில் ஏறியது.

ஏறி அரை கிலோமீட்டர் போனதும் ஆக்ஸிலேட்டர் இழுக்கவில்லை. அவர் கால் அதை முதலில் உணர்ந்தது.

"மேடம்" என்றார்.

வண்டி ஒருமுறை இருமியது. லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு கிணற்றில் விழுவதுபோல விழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டாவது இருமல். அவர் ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் அணைந்துபோனது.

"நின்னுடுச்சு" என்றாள் சைரா.

"நின்னுடுச்சு ஆன்ட்டி" என்றாள் பிரிசில்லா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சைரா அவளைக் கட்டிக்கொண்டாள். மஹபூப் பாஷா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இறைவனுக்கு இவ்வளவு மனசாரச் சொன்ன நன்றி ஒரு வண்டி நின்றுபோனதற்காக இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"சாவியைத் தொடாதீங்க பாய். பத்து நிமிஷம் ஆனா சரியாயிடும்னு சொன்னீங்க இல்ல, அதுக்குள்ள பாக்கணும்."

அவள் குதித்து இறங்கினாள். ஃபில்டருக்கு மேலே கையால் அழுத்தும் சின்ன பம்ப் ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள். உள்ளே போன பொத்தான் மேலே எழும்பி வரவில்லை. டாங்கியிலிருந்து டீசலை இழுக்க முடியாமல் திணறியது. பிறகு மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். உப்பும் தூசியும் அவள் சட்டை பூராவும் அப்பிக்கொண்டன. டாங்கியிலிருந்து வரும் குழாயை ஸ்பேனரால் தளர்த்தினாள்.

"பாய், டாங்கிகிட்ட காது வெச்சுக் கேளுங்க."

மஹபூப் பாஷா மண்டி போட்டு, டாங்கியில் காதை வைத்தார். குழாய் கழன்றதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, ஈரத்துணி ஒன்று தகரத்தில் விழுவதுபோல, மெல்லியதாக ஒரு 'தப்'.

"ஏதோ விழுந்துச்சு" என்றார்.

அடியிலிருந்து பதில் வர நேரமாயிற்று. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "உள்ள ஒரு பொருள் கிடக்குது பாய். டீசல் நிறைய இருந்தா ஒரு மூலையில சும்மா கிடக்கும். கம்மியானா டீசல் தளும்பும், அதுவும் கூடவே அலையும். அலைஞ்சு போய் உறிஞ்சற குழாய் வாயில ஒட்டிக்கும். வண்டி நின்னா, உறிஞ்சல் விட்டுப்போய் தானா விழுந்துடும். பத்து நிமிஷம், அதான்."

அந்த நேரம் பார்த்து, எதிரே வந்த ஒரு வண்டி வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்து நின்றது. வாஹித் பாஷா. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இன்னா தோஸ்த், திரும்பவும் நின்னுபோச்சா?"

"ஆமா, நின்னுபோச்சு" என்றார் மஹபூப் பாஷா, முகமெல்லாம் சிரிப்பாக.

வாஹித் பாஷா அவரைப் பார்த்தார். புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு, நின்றுபோன வண்டியின் படியில் உட்கார்ந்து எல்லாருக்கும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த சைராவைப் பார்த்தார். அடியிலிருந்து உப்புப் பூத்த தலையோடு வெளியே வந்த பெண்ணைப் பார்த்தார். இறங்கி வந்து டீ வாங்கிக் குடித்தார். விஷயத்தைக் கேட்டதும், அட்டைப்பெட்டிகளை அவரே தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய் ஷூ கம்பெனியில் இறக்கிவிட்டார்.

மறுநாள் வாலாஜாபேட்டையில் டாங்கியைக் கழற்றினார்கள். வேலையை விட்டுவிட்டு மெக்கானிக்குகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். டீசலை வடித்துவிட்டு, துவாரத்துக்குள் கம்பியை விட்டுக் கிளறி, கடைசியில் இடுக்கியால் பிடித்து இழுத்தாள் பிரிசில்லா. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். ஃபேக்டரியில் டாங்கியை மாட்டுவதற்கு முன்பு தூசி போகாமல் வாயை மூடி வைப்பார்களே, அந்த மூடியின் கிழிந்த துண்டு. இது உப்பினால் வந்ததில்லை, டீசலால் வந்ததுமில்லை, ஆம்பூரில் யாரும் செய்த தப்பும் இல்லை.

கோதண்டராமன் அதை ஒரு காகிதத்தில் வாங்கி வைத்தார்.

"பாய்" என்றார். "உங்களை அஞ்சு வாட்டி அலைய வெச்சுட்டேன். மன்னிக்கணும்."

"இருக்கட்டும் சார். நானும் ஃபுல் டாங்க் போட்டுப் போட்டு உங்க கண்ணை மறைச்சுட்டேன்."

புது டாங்கி போட்டார்கள். பம்ப்பையும் ஃபில்டரையும் கேட்காமலே மாற்றினார்கள். சென்னையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது: வாரன்ட்டி இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது என்று. பிரிசில்லாவை மூலை மேஜையிலிருந்து எழுப்பி, வெளியே போய்ப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். முதல் வேலையே திருப்பத்தூரில் ஒரு செங்கல் லாரி. அது ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது என்று போனில் சொன்னபோது அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மஹபூப் பாஷா அவளை மேடம் என்று கூப்பிடுவதை ஒருவழியாக விட்டுவிட்டு, மகளே என்பதுபோல உருதுவில் 'பேட்டா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

பச்சைத் தோல்காரர்கள் உடனே திரும்பி வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள். வண்டி ஒருநாளும் நிற்கவில்லை என்று ஸ்டாண்டில் வாஹித் பாஷாவே சொல்ல ஆரம்பித்த பிறகு ஒருவர் கூப்பிட்டார், பிறகு இன்னொருவர்.

கூப்பிட்ட போன் எல்லாம் இப்போது சைராவிடம் வந்தது. அப்படி ஆக வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்க வேண்டாம் என்று ஒருநாள் போனை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் திருப்பிக் கொடுக்கவில்லை. சமையலறைச் சுவரில் மாட்டிய காலண்டரில் எந்த நாளில் எங்கே, எத்தனை மணிக்கு, யார் இறக்குவார்கள் என்று உருதுவில் பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ராணிப்பேட்டையிலிருந்து போன். சைரா கரண்டியை வைத்துவிட்டு எடுத்தாள்.

"வரும் தம்பி. எட்டு மணிக்குச் சொன்னா எட்டு மணிக்கு வரும்." கொஞ்ச நேரம் கேட்டாள். "வண்டியைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க எட்டரைக்குள்ள ஆளை நிக்க வெக்கணும். போன வாட்டி ஒம்போதே கால் ஆக்கினீங்க. நிழலுக்கு ஒரு இடம் காட்டுங்க, ஒரு நாற்காலி போடுங்க. இன்னா? சரி, அப்ப ஒத்துக்கறோம்."

போனை வைத்துவிட்டு, காலண்டரில் எழுதினாள். மஹபூப் பாஷா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். ரசத்தைப் பிசைந்துகொண்டே அவர் மெல்லிய குரலில் ஏதோ பாடினார்.